உறிஞ்சும் கருவியும் உழைக்கும் கரமும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

எத்தொழிலும் இழிவானதன்று என்று பேச்சுப் போட்டி மேடையில் முழங்காத மாணவர் நம்மிடையே மிகச் சிலரே. ஆனால் பட்டம் பெற்ற பின் துப்புரவுத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று ஒருவன் சொன்னால், முழங்கிய அதே வாய் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறது. பெருக்குவதும் துடைப்பதும் இன்னார் வேலை என்று பிறப்பால் பிரித்து வைத்த சமுதாயத்தில் அச்சிரிப்பு வியப்புக்குரியதன்று. எனினும் சிரிப்பவருக்கு விடையளிக்க நான் இங்கு எழுதவில்லை. அத்தொழிலைத் தொடங்கும்போது எழும் ஒரு கேள்வியைப் பற்றி மட்டுமே எழுத விழைகிறேன். எந்த வேக்குவம் கிளீனரை வாங்குவது?

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். எங்களுக்கு அது சிறியதன்று. தேர்வு முடிந்ததும் நானும் வகுப்புத் தோழர் இருவரும் வீடுகளையும் சிறு அலுவலகங்களையும் துப்புரவு செய்து தரும் தொழிலைத் தொடங்கத் திட்டமிட்டிருக்கிறோம். 2015 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவுக் கடனை நம்பியே எங்கள் கணக்கு நிற்கிறது. அக்கடனின் உச்ச வரம்பு 50,000 ரூபாய். எங்களோடு நான்காவதாகச் சேர்பவர் என் தாயார். பதினொரு ஆண்டுகளாக ஓர் அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்து வருகிறார். எங்கள் நால்வரில் தொழில் தெரிந்தவர் அவர் ஒருவரே. நாங்கள் மூவரும் கணக்கு தெரிந்தவர்கள், அவ்வளவுதான்.

கருவியை வாட்டையும் பளபளப்பையும் விலைச் சீட்டையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாகாது. அதைப் பிடித்து உழைக்கப் போகிறவரின் மூச்சையும் முதுகையும், அது ஓடப்போகும் மணிகளையும் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் துணிபு. தோழர் இருவரும் இதை முழுமையாக ஏற்கவில்லை. ஆகவே என் காரணங்களை இங்கே அடுக்குகிறேன். பேராசிரியப் பெருமக்களும் சக மாணவர்களும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டுகிறேன்.

கருவி பிறந்த கதை

1901 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர் தூசியை உறிஞ்சும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பிருந்த சில கருவிகள் தூசியை ஊதித்தான் விரட்டின. விரட்டிய தூசி மீண்டும் அதே அறையில் படிந்தது. ஊதுவதை விட்டு உறிஞ்சினால் என்ன என்று எண்ணிய பூத், நாற்காலி மெத்தை மீது கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தாராம். கைக்குட்டையில் அழுக்கு வட்டம் விழுந்தது. அவர் செய்த இயந்திரமோ குதிரை பூட்டி இழுக்கும் அளவுக்குப் பெரியது. அதைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே உள்ளே விட்டு வேலை செய்தனர். 1902 இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளங்கள் அவ்வாறே துப்புரவாக்கப்பட்டன. இதில் வணிகவியல் மாணவர் கருத வேண்டியது ஒன்றுண்டு. பூத் முதலில் கருவியை விற்கவில்லை, துப்புரவை விற்றார். எனவே நாங்கள் தொடங்கப் போவது புதுத் தொழிலன்று. அக்கருவி பிறந்தபோதே உடன் பிறந்த தொழில் அது.

சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில், ஓகையோ மாநிலத்துக் கான்டன் நகரில், ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் என்பவர் ஒரு கடையில் துப்புரவுப் பணியாளராக இருந்தார். அவருக்கு ஆஸ்துமா. கம்பளம் பெருக்கும்போது கிளம்பிய தூசி அவர் மூச்சை வாட்டியது. விசிறி மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தூசியைப் பிடிக்கத் தலையணை உறை ஆகியவற்றை இணைத்துக் கையால் தள்ளும் கருவியொன்றைச் செய்தார். 1908 இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கிப் பெருந்தொழிலாக வளர்த்தவர் ஹூவர் என்னும் தோல்பொருள் வணிகர். உலகம் ஹூவரின் பெயரை நினைவில் வைத்தது; பெருக்கியவரின் பெயரை மறந்தது. கையால் தள்ளும் தூசி உறிஞ்சி ஒரு துப்புரவுப் பணியாளரின் நெஞ்சிரைப்பிலிருந்து பிறந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வாட் என்னும் மாயை

கடைக்குச் சென்றால் முதலில் நம் காதில் விழுவது வாட். 1,200 வாட், 1,600 வாட், 2,000 வாட் என்று எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. ஆனால் வாட் என்பது கருவி தின்னும் மின்சாரத்தின் அளவேயன்றி, அது செய்யும் வேலையின் அளவன்று. நிறையச் சோறு உண்பவனே நிறைய உழைப்பான் என்று எவரேனும் கூலி பேசுவதுண்டா?

வேலையை அளப்பவை வேறு இரண்டு. ஒன்று உறிஞ்சு விசை. இதைக் கிலோபாஸ்கலில் சொல்வர். மற்றொன்று காற்றோட்டம், நொடிக்கு இத்தனை லிட்டர் என்று சொல்வர். விசை தூசியைப் பிடுங்குகிறது. ஓட்டம் அதைக் குழாய் வழியே சுமந்து செல்கிறது. உச்ச விசை, குழாயின் வாய் முழுதும் அடைபட்டிருக்கும்போது அளந்தது. அப்போது காற்று ஓடுவதேயில்லை. உச்ச ஓட்டம், வாய் முழுதும் திறந்திருக்கும்போது அளந்தது. அப்போது விசை இல்லாமற் போகிறது. நம் வேலை நடப்பது இரண்டுக்கும் இடையில். ஆகவே ஒன்றை மட்டும் பெரிதாக அச்சிட்டு மற்றொன்றைச் சொல்லாத விளம்பரத்தை ஐயுற வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் இக்கருவிகளுக்கு 1,600 வாட் என்று வரம்பு விதித்தது. 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டாகக் குறைத்தது. இவ்வளவாவது துப்புரவாக்க வேண்டும் என்ற அளவையும் உடன் விதித்தது. கம்பளம் விரித்த வீடுகள் மிகுந்த அந்நாடுகளிலேயே 900 வாட் போதுமானால், நம் டைல்ஸ் தரைக்கும் மொசைக் தரைக்கும் 2,000 வாட் எதற்கு?

மற்றொரு சங்கடமும் உண்டு. நம் வீட்டுக் கூடத்திலும் படுக்கையறையிலும் இருப்பவை பெரும்பாலும் 6 ஆம்பியர் பிளக் பாயிண்டுகள். 230 வோல்ட்டில் 1,200 வாட் கருவி ஏறக்குறைய 5.2 ஆம்பியர் இழுக்கும், அது தாங்கும். 2,000 வாட் கருவி 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். அது இருப்பதோ சமையலறையிலும், குளியலறை ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் பக்கத்திலும்தான். வாடிக்கையாளர் வீட்டில் கருவியை நிறுத்திவிட்டுப் பிளக் தேடி அலைவது தொழிலுக்கு அழகன்று.

உள்ளே போன தூசி எங்கே?

இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே. உள்ளே இழுத்த காற்று வெளியே வந்தாக வேண்டும். அதோடு தூசியும் வெளியே வருமானால், ஸ்பாங்ளர் விரட்டிய நோயை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம் என்பதே பொருள். கண்ணுக்குத் தெரியும் பருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நுரையீரலின் ஆழத்துக்குச் செல்வது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. அதைப் பிடிப்பதற்கென்றே ஹெப்பா என்னும் வடிகட்டி உள்ளது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுப்பதே அமெரிக்க அளவுகோலின்படி ஹெப்பா. ஆனால் வடிகட்டி நன்றாயிருந்தும், அதைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு சரியாக அமராவிட்டால் காற்று இடுக்கு வழியே தப்பிவிடும். ஓட்டைப் பானைக்குத் தங்க மூடி இட்டது போலாகும்.

புதிதாய்க் கட்டிய வீடுகளைக் குடிபுகுமுன் துப்புரவு செய்து தரச் சொல்லி அழைப்போர் பலர். அங்கே கிடப்பது வீட்டுத் தூசியன்று. சுவரில் தேய்த்த பட்டியின் பொடியும், டைல்ஸும் கிரானைட்டும் அறுத்த பொடியும் ஆகும். அறுத்த கல்லின் பொடியில் சிலிக்கா உண்டு. அது நெஞ்சில் படிந்தால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இன்றும் முழுக் குணம் தரும் மருந்தில்லை. இத்தகைய தீங்கான தூசிக்கெனவே எல், எம், எச் என்று மூன்று தரங்களாகக் கருவிகளைப் பிரித்திருக்கிறார்கள். அத்தரம் இல்லாத சாதாரணக் கருவியைக் கொண்டு அவ்வேலைக்குப் போகக் கூடாது. உரிய கருவி வாங்கும் நாள் வரும்வரை அத்தகைய வீடுகளை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. வருமானம் குறையும், குறையட்டும்.

இதை ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. என் தாயார் வேலை செய்யும் அலுவலகத்தில் துணிப்பை வைத்த பழைய கருவி ஒன்று உண்டு. நிரம்பிய பையை மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் உதறும் பொறுப்பும் அவருடையதே. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டுதான் உதறுவார். அன்றிரவு வீட்டில் இருமல் நிற்காது. ஒரு நாள் அவர் சொன்னார்: “கண்ணு, சீமாத்துல கூட்டுனா தூசி கெளம்பறது கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிக்கலாம். இந்த மெசின் கெளப்பறது தெரியவே மாட்டேங்குது.” நான் படித்த விளக்க ஏடுகள் எவையும் இதனை இத்துணைத் தெளிவாகச் சொல்லவில்லை.

ஆகவே கடையில் செய்யத்தக்க சோதனை ஒன்றைக் கூறுகிறேன். ஒரு கரண்டி மைதா மாவைத் தரையில் கொட்டி உறிஞ்சச் சொல்லுங்கள். காற்று வெளிவரும் வாயருகே கறுப்புக் குடைத் துணியைப் பிடியுங்கள். துணி வெளுத்தால் அக்கருவியை விட்டுவிடுங்கள். கூடவே, பையைக் கழற்றும்போது தூசி பறக்காமல் அப்படியே மூடி எறிய முடிகிறதா என்றும் பாருங்கள். பைக்கு மாதந்தோறும் செலவாகும் என்பது உண்மையே. அந்தச் செலவை நெஞ்சின் மீது ஏற்றுவதைவிடக் கணக்கில் ஏற்றுவதே நேர்மை.

மணிக் கணக்கு

தோழர்களில் ஒருவர், “வீட்டுக்கு வாங்குவது போல் மலிவான கருவியை வாங்குவோம், கெட்டால் வேறு வாங்குவோம்” என்கிறார். இது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கூற்று. முன் சொன்ன ஐரோப்பிய விதி, மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்கிறது. வாரம் ஒரு மணி நேரம் ஓட்டும் இல்லத்தரசிக்கு 500 மணி என்பது ஒன்பதரை ஆண்டுகளுக்கு மேல். நாங்களோ நாளுக்கு 4 மணி வீதம் மாதம் 25 நாள் ஓட்டுவோம். அதாவது மாதத்துக்கு 100 மணி. ஐந்தே மாதங்களில் 500 தீர்ந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 6,000 ரூபாய்க் கருவி 500 மணி உழைத்தால் மணிக்கு 12 ரூபாய். 18,000 ரூபாய்க் கருவி 2,000 மணி உழைத்தால் மணிக்கு 9 ரூபாய். மலிவானது எது? கருவி நின்றுபோன நாளில் இழக்கும் கூலியையும் வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் இதில் நான் சேர்க்கவேயில்லை. மேலும் வீட்டுக் கருவிகளின் உத்தரவாதச் சீட்டில், தொழிலுக்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் இல்லை என்று பொடி எழுத்தில் இருப்பதுண்டு. வாங்குமுன் அதைப் படிக்க வேண்டும். இழப்பையும் ஆக்கத்தையும் பின்வரும் ஊதியத்தையும் எண்ணிப் பார்த்தே வினையில் இறங்க வேண்டும் என்று வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’யில் கூறியது பேரரசுகளுக்கு மட்டுமன்று, துடைப்பமும் வாளியும் ஏந்தும் சிறு தொழிலுக்கும் பொருந்தும்.

பழுது பார்ப்பதும் இக்கணக்கைச் சேர்ந்ததே. முதலில் கிழிவது பெரும்பாலும் குழாய். பின்பு வடிகட்டி அடைபடும். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேயும். இம்மூன்றும் தனியே கிடைக்குமா, எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்காமல் பணத்தை எடுத்து வைக்கக் கூடாது. நம் கோவைப் பகுதியில் காயில் கட்டும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே கழற்றி மாட்டக்கூடிய கருவி நமக்கு உறவு. கழற்றவே முடியாதபடி ஒட்டி மூடிய கருவி எத்துணை அழகாயினும் அயல்.

வேலையறிந்து வாங்குதல்

மற்றொரு தோழர் நேர்மாறானவர். இரண்டு மோட்டார் வைத்த பெரிய எஃகு டிரம் கருவியை வாங்க வேண்டும். அதை உருட்டிக்கொண்டு போனால் வாடிக்கையாளருக்கு மதிப்புத் தோன்றும் என்கிறார். இவ்வாதத்திலும் உண்மை உண்டு. துடைப்பத்தோடு போகிறவரை வாசலில் நிற்க வைத்துப் பேசும் சிலர், இயந்திரத்தோடு போகிறவரை உள்ளே அழைப்பதை நாம் காணலாம். ஆனால் லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு அந்த டிரம்மைச் சுமப்பவர் யார்? எங்கள் வண்டியோ ஒரு பழைய மொபெட். மதிப்பைத் தரவேண்டியது வேலையின் தூய்மை. கருவியின் பருமன் தரும் மதிப்பு முதல் நாளோடு தீர்ந்துவிடும்.

நம் வீடுகளில் தரைக்கு இக்கருவி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. துடைப்பமும் ஈரத் துடைப்பானும் அவ்வேலையை இன்றும் நன்றாகவே செய்கின்றன. கருவியின் தேவை சோபாவிலும் மெத்தையிலும் உள்ளது; திரைச்சீலையிலும் கொசு வலையிலும் உள்ளது; மின்விசிறி இறக்கையிலும், உத்தரத்து ஒட்டடையிலும், அலுமினியச் சன்னல் ஓடும் பள்ளத்திலும் உள்ளது. நம் கல்லூரி நூலகத்து அலமாரிகளை எண்ணிப் பாருங்கள். அங்கே வேண்டியது பெரும் விசையன்று. ஏட்டைக் கிழிக்காத மென்மையான தூரிகை முனை. ஆகவே மோட்டாரைவிட முனைகளின் வகையை முதலில் பார்க்க வேண்டும். இடுக்குக்கு ஒடுங்கிய முனை, மெத்தைக்கு அகன்ற முனை, தூரிகை முனை, நீண்ட கம்பி, 10 மீட்டருக்குக் குறையாத மின்வடம் ஆகிய இவ்வளவும் வேண்டும்.

ஈரமும் உலர்வும் ஆகிய இரண்டையும் உறிஞ்சும் கருவியே எங்களுக்கு ஏற்றது. உலர் கருவி பலவற்றில், உறிஞ்சிய காற்றே மோட்டாரின் சூட்டைத் தணித்து வெளியேறுகிறது. அதில் நீர் புகுந்தால் மோட்டார் கெடும், இயக்குபவருக்கும் ஆபத்து. ஈரத்துக்கான கருவியில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனி விசிறியும் தனிக் காற்று வழியும் உண்டு. ஆனால் ஈரக் கருவி கையில் இருக்கிறது என்பதற்காக, கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் இறங்கச் சொல்லும் வீட்டுக்காரருக்கு இணங்கலாகாது. அவ்வாறு மனிதரை அபாயத்தில் இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. சட்டம் இல்லாவிடினும் அது செய்யத்தகாத செயலே.

ஓசையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு இரைச்சலாகப் படும். வீட்டுக்காரர் அரை மணி நேரம் பொறுப்பார். கருவியைப் பிடித்திருப்பவர் நாளெல்லாம் கேட்க வேண்டும்.

யார் தேர்ந்தெடுப்பது?

என் முடிவைச் சொல்கிறேன். 12 முதல் 15 லிட்டர் கொள்ளும், ஒற்றை மோட்டார் உடைய, 1,200 வாட்டுக்கு மிகாத, ஈரமும் உலர்வும் உறிஞ்சும் தொழில்வகைக் கருவி ஒன்று. ஹெப்பா வடிகட்டியும் மூடி எறியும் பையும் உடையது. 10 கிலோவுக்கு உட்பட்டது. கடன் தொகையில் ஐந்தில் இரு பங்கு, அதாவது 20,000 ரூபாய்க்கு மேல் இதற்குப் போகக் கூடாது. எஞ்சிய 30,000 ரூபாயில் மாற்று வடிகட்டியும் மாற்றுக் குழாயும் முகக்கவசமும் ஏணியும் வாளியும் துணிகளும் வாங்க வேண்டும். வேலை குறைவான முதல் இரண்டு மாதங்களுக்குக் கையிருப்பும் வைக்க வேண்டும். முழுப் பணத்தையும் ஒரே இயந்திரத்தில் முடக்கிவிட்டு, அடுத்த வாரம் பை வாங்கக் காசின்றி நிற்பது தொழிலாகாது.

இவற்றுக்கும் மேலாக ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். நம் நாட்டில் கருவியை வாங்குபவர் ஒருவர், பிடிப்பவர் மற்றொருவர். வாங்குபவர் மேசையருகே அமர்ந்து விலையைப் பார்க்கிறார். பிடிப்பவரிடம் எவரும் கேட்பதில்லை. ஆலையிலும் அலுவலகத்திலும் இதே நிலை. கிரைண்டர் வாங்கும்போது மட்டும் நம் தாய்மாரைக் கடைக்கு அழைத்துச் செல்கிறோம். அவர்கள் குதிரைச் சக்தியைக் கேட்பதில்லை. கல்லைத் தடவிப் பார்க்கிறார்கள், டிரம்மைத் தூக்கிப் பார்க்கிறார்கள், கழுவ எளிதா என்று பார்க்கிறார்கள். அந்த அறிவுக்குப் பட்டமில்லை. ஆனால் அதுவே முதல்தரமான அறிவு. எங்கள் கருவியையும் என் தாயாரே கடையில் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்; நாங்கள் மூவரும் பட்டியலோடு பக்கத்தில் நிற்கிறோம் என்று தோழரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் இசைந்துவிட்டார். மற்றவர் இன்னும் எஃகு டிரம்மை மறக்கவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை முதலாளிகளாகவோ மேலாளர்களாகவோ அதிகாரிகளாகவோ அமர்வோம். துடைப்பமோ தூசி உறிஞ்சியோ கணினியோ, பிறர் கையில் கொடுக்கும் எந்தக் கருவிக்கும் கையொப்பமிடும் நாள் நமக்கு வரும். அன்று விலைப்பட்டியலைப் புரட்டுமுன், அதைப் பிடிக்கப் போகிறவரை அழைத்து, “இது உங்களுக்குச் சரிப்படுமா?” என்று ஒரு சொல் கேட்போம். அதற்குச் செலவு ஏதுமில்லை. கேட்காமல் விட்டால் வரும் செலவோ எந்தப் பேரேட்டிலும் பதிவாவதில்லை; அது எவரோ ஒருவர் வீட்டில் இரவெல்லாம் இருமலாய்க் கேட்கும்.